அவிழ்க்காத பொட்டலம்

பூசாரி பழனிச்சாமி போய்விட்டார் என்று, சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்க வந்த எங்கள் ஊர்க்காரர் சொன்னார். திருச்செங்கோட்டுப் பக்கம், எங்கள் காட்டை ஒட்டிய அம்மன் கோவிலில் பூசை செய்தவர். அவரிடம் திட்டு வாங்காதவர் ஊரில் இல்லை. திட்டு வாங்கியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் என் தம்பி முருகேசனுக்குப் புத்தி பேதலித்தது. கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதாகச் சொல்வான். பேய் என்று முடிவுகட்டி, கோவில் வேம்பில் அவனைச் சங்கிலியில் கட்டினார் அப்பா. கால் புண்ணாகிப் புழு வைத்தது. பூசாரிதான் கழுவி மருந்து போட்டார்.

"பையனச் சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போங்க" என்று கத்துவார். "ஆத்தா உத்தரவில்லாம சங்கிலியக் கழட்டமாட்டேன்" என்பார் அப்பா.

கடைசியில் அம்மனிடம் பூப் போட்டு உத்தரவு கேட்டோம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். பூசாரி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரி, சிவப்பு வந்தால் சங்கிலி. அம்மா எடுத்தது வெள்ளை. மற்றதை அவிழ்க்காமல் பூசாரி அவசரமாக மடியில் செருகிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி மாத்திரையில் தம்பி தேறினான். காலையில் கோவில் வாசலைப் பெருக்கிவிட்டு, அவர் கண் முன்னால் மாத்திரையை விழுங்கித் திருநீறு பூசிக்கொள்வான். "ரெண்டும் ஆத்தா குடுக்கறதுதான் சாமி" என்பார். கிணற்றுக் குரல் நின்றுபோனது.

சில வருஷம் கழித்து, மாத்திரையை நிறுத்தலாமா என்று பூக் கேட்கச் சொன்னான். "ஒருக்காத்தான் கேக்கோணும். பேசாமத் தின்னு" என்று விரட்டிவிட்டார். தம்பி பக்கத்து ஊர்க் கோவிலில் போய்க் கேட்டான். வெள்ளை வந்தது. நிறுத்தினான். ஐப்பசி மழையில் எங்கள் கிணற்றிலிருந்துதான் அவனை எடுத்தோம்.

கருமாதியன்று பூசாரி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அன்னைக்கு ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளைதான் கட்டுனேன் அம்மிணி. மறுக்காவும் ஆத்தா வாயப் பொத்தப் பயந்து முருகேசனத் தொரத்தீட்டேன். மாத்திரைய நிறுத்தலாமான்னு அவன் கேட்டப்ப, ரெண்டுலயும் செவப்பு வெச்சிருக்கோணும்."

அதன்பின் அவர் யாருக்கும் பூப் போடவில்லை.

அவர் பொய்யால் என் தம்பி கொஞ்ச காலம் சங்கிலி இல்லாமல் நடந்தான். நான் இன்றும் அம்மனைக் கும்பிடுகிறேன். கும்பிடும்போதெல்லாம் அவர் மடியில் செருகிய அந்தப் பொட்டலம்தான் கண்ணில் நிற்கிறது.