நிலாப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பத்தாவதோடு நின்றவள் நான். கடைக்குச் சாமான் சீட்டும், மகளின் பள்ளிக்கு விடுப்புக் கடிதமும் தவிர எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் கூடினால் சுவரோரமாக நிற்கிற ஆள், நாலு பேர் படிக்க எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை அந்தியில் மஃரிப் பாங்கு சொல்லும்போது என் கண் இன்னமும் தானாகப் போன் பக்கம் போகிறது. அதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும்.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் சின்ன ஊர் எங்களுடையது. கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால், அதற்கப்பால் வயல். என் கணவர் வளைகுடாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். கடைசியாக விடுப்பில் வந்தபோது, இரண்டாவது படிக்கிற மகளுக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு புத்தகம் வாங்கி வந்தார். பளபளப்பான தாளில் பத்தே பக்கம். மனிதர்கள் நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்த கதை. பக்கத்துக்கு ஒரு நிலா இருக்கும்.

அதை வாசித்துக் காட்ட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. கிளம்புகிற அன்று எல்லாப் பக்கங்களையும் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமைக்கு ஒரு பக்கம் வாசிச்சு அனுப்புறேன். நீ புஸ்தகத்தை வச்சுக்கிட்டுக் கேளு. நான் சொல்லாம அடுத்த பக்கத்தைத் திருப்பக் கூடாது. திருப்புனா காதைத் திருகிடுவேன்."

"அங்கேர்ந்து எப்படித் திருகுவீங்க?"

"கையை மட்டும் பார்சல்ல அனுப்புவேன்."

அப்படியே நடந்தது. வெள்ளிக்கிழமை மஃரிப் நேரத்தில் அவர் குரல் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். எட்டாவது வரைதான் படித்தவர். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். நடுநடுவே சொந்தச் சரக்கையும் சேர்ப்பார். "நெலாவுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லையாம் புள்ள. மேட்டூர் இன்னும் தொறக்கல போல." மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எட்டாம் பக்கத்தில் அந்த விண்கப்பல் நிலாவுக்குப் பின்பக்கம் போகிறது. பூமியில் இருப்பவர்களுக்குப் பேச்சு அறுந்துபோகிறது. அதை வாசித்துவிட்டு அவர் சொன்னார்: "பின்னால போயிட்டா சிக்னல் கெடைக்காதாம். எங்க கடை குடோன் மாதிரி. பயந்துக்காத, சுத்திக்கிட்டு வந்துடும். மீதி அடுத்த வெள்ளிக்கிழமை."

அடுத்த வெள்ளிக்கிழமை குரல் வரவில்லை. கடையின் குடோனில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாராம். நெஞ்சுவலி. அங்கேயே அடக்கம் செய்தார்கள். மகளும் நானும் முகம் பார்க்கவில்லை.

நான் இத்தாவில் உட்கார்ந்தேன். கணவர் இறந்த பிறகு நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டுக்குள்ளேயே இருக்கிற காலம் அது. துணைக்கு வந்திருந்த நாத்தனார் முதல் நாளே ஜன்னலைச் சாத்தினார். "வெளி ஆம்பளைங்க குரலுக்குப் பதில் பேசக் கூடாது. நெலா கூடக் கண்ணுல படக் கூடாது, தெரிஞ்சுக்க." நிலாவைப் பற்றி மார்க்கத்தில் அப்படி எதுவும் இல்லை என்று வெகுநாள் கழித்து மதரஸாவில் ஓதிக்கொடுக்கிற அம்மா ஒருவர் சொன்னார். அன்று கேட்பதற்கு எனக்கு வாய் ஏது?

இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தைப் பார்த்தேன். அட்டையிலும் எட்டுப் பக்கங்களிலும் இருந்த நிலாக்களின் மேல் மகள் செய்தித்தாளை வட்டம் வட்டமாகக் கிழித்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தாள்.

"எதுக்குடி இது?"

"நீ பாத்துடக் கூடாதுல்ல. மாமிதானே சொன்னாங்க."

"கடைசி ரெண்டு பக்கம்?"

"அத்தா இன்னும் திருப்பச் சொல்லலையே."

"அத்தா மவுத்தாயிட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும்" என்றாள். கொஞ்ச நேரம் பருக்கையை விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள். "பின்பக்கம்தானே போயிருக்காங்க."

அந்த நிமிஷமே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குத்தான் அவள் அழாமல் தூங்கினாள். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அவள் பள்ளிக்குப் போயிருந்தபோது ஒன்பதாம் பக்கத்தைத் திருட்டுத்தனமாகத் திருப்பிப் படித்தேன். கப்பல் சுற்றி வருகிறது, பேச்சு மறுபடியும் கேட்கிறது என்று போட்டிருந்தது. அதைப் படித்த பிறகு இன்னும் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புத்தகத்தை மடியில் வைத்து, போனைச் சுவரில் சாய்த்து, அவள் எதிரில் உட்கார்ந்திருப்பாள். பத்து வெள்ளிக்கிழமை அப்படிப் போயிற்று.

பதினோராவது வெள்ளிக்கிழமை, பாங்கு முடிந்து கொஞ்ச நேரத்தில் போன் அதிர்ந்தது. அவர் படம். குரல் செய்தி ஒன்று. நான் எழுவதற்குள் மகள் அழுத்திவிட்டாள்.

தொண்டையைச் செருமுகிற சத்தம். "ஒன்பதாம் பக்கம். ம், திருப்பு. இரு, மூட்டை மேல உட்காந்துக்கிறேன். காலையிலேர்ந்து முதுகு வலிக்குது." பிறகு எழுத்துக்கூட்டி வாசித்தார். "கப்பல்... நிலாவைச் சுற்றி... இந்தப் பக்கம் வந்தது. மறுபடியும் பேச்சுக் கேட்டது. பூமியில் எல்லோரும் கை தட்டினார்கள். நீயும் தட்டு புள்ள. சரி, மேல கூப்பிடுறாங்க. பத்தாம் பக்கம் அப்புறம்."

மகள் கை தட்டினாள். "வந்துட்டாங்க" என்றாள். கத்தவில்லை. பள்ளி வேன் வந்துவிட்டது என்பதைப் போலச் சொன்னாள்.

உள்ளதை எழுதுகிறேன். ஒரு நொடி நானும் நம்பினேன். என் கை தானாகப் போய்த் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டது.

உடனே போன் அடித்தது. மறுபடியும் அவர் படம். "அத்தா!" என்று எடுத்தாள். அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும்.

"பாப்பா... நான் அத்தா ரூம்ல இருந்த மாமா பேசறேன். அம்மாகிட்ட குடும்மா."

"அத்தாகிட்ட குடுங்க."

நிலைப்படியில் நின்ற நாத்தனார் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். மற்ற நாட்களிலேயே நான் வெளி ஆணிடம் பேசத் தயங்குகிறவள். போனை வாங்கினேன். ஒலியைக் குறைக்காமல் மகளுக்கும் கேட்கும்படி பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுங்க தம்பி."

"மன்னிச்சுக்குங்கக்கா. ஊருக்கு ஒருத்தர் வர்றாரு, அண்ணன் பெட்டியைக் குடுத்தனுப்பலாம்னு கேக்கணும். உங்க நம்பர் இதுலதான் இருக்கு. அன்னைக்கு அணைஞ்ச போனை இப்பத்தான் சார்ஜ் போட்டேன். ஆன் பண்ணதும் ஏதோ அதுவா போயிடுச்சு. சத்தியமா நான் எதையும் அழுத்தலக்கா."

எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் மகளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "அது எப்பப் பேசினது தம்பி?"

"அண்ணன் விழுந்த அன்னைக்குத்தாங்க்கா. குடோன்ல சிக்னல் கிடையாது. போகாம நின்னுருக்கு."

போனை வைத்தேன். அவள் ஒன்பதாம் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சுத்திக்கிட்டு வந்துடும்னு சொன்னாங்க."

"கப்பல் வந்துச்சும்மா. அத்தா வரமாட்டாங்க. இது அன்னைக்குப் பேசினது. இன்னைக்குப் பேசினது இல்ல."

"அப்ப அடுத்த வெள்ளிக்கிழமை?"

"வராது."

புத்தகத்தாலேயே என் தோளில் அடித்தாள். ஒரு அடி, இன்னொரு அடி. "நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"ஆமா."

"சொல்லியிருக்கணும்ல!"

"ஆமாம்மா, சொல்லியிருக்கணும்."

நாத்தனார் அவளைத் தூக்க வந்தார். விடுங்க என்றேன். அழுது ஓய்ந்ததும் மூக்கை என் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, "பத்தாம் பக்கத்தை நீ படி" என்றாள். அவளே திருப்பினாள். திருப்பின கையோடு உள்ளங்கையை நிலாவின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். "அங்க பாக்காத. எழுத்தை மட்டும் பாரு."

அவள் கையைத் தாண்டி வரிகளைத் தேடி வாசித்தேன். அவர்கள் கடலில் வந்து இறங்கினார்கள். படகில் ஏற்றினார்கள். அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சு."

எழுந்து அடுப்படிக்குப் போய் நாலு பருக்கை எடுத்து வந்தாள். ஒன்பதிலும் பத்திலும் காகிதம் ஒட்டினாள்.

மறுநாள் சனிக்கிழமை. காஸ் சிலிண்டர் வந்தது, நாத்தனார் வாங்கி வைத்தார். மகள் பத்து மணி வரை தூங்கினாள்.