ஷினானோவில் டோர்ச் பட்டரி

முதலாளியம்மா என் கத்தியை வாங்கிக்கொண்ட விதம் மறக்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, தலை தாழ்த்தி, பரிசு வாங்குவதுபோல வாங்கினார். மொன்றியலில் அவருடைய ஜப்பானிய உணவகத்தில் மீன் அரிந்து அரிந்து என் மணிக்கட்டு தேய்ந்துபோயிருந்தது. இனி நான் வெள்ளிக்கிழமைகளில் விருந்தாளிகளுக்கு முன்னால் நின்று அவருடைய ஊரின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். சரிவந்தால் வேலை நிலைக்கும். சரிவராவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டும். இந்த வயதில், இந்தப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு, எங்கே போய்ப் பார்ப்பது?

அவருடைய ஊர் ஷினானோ. பழைய ஜப்பானிய மாகாணம். இன்றைய வரைபடத்தில் அந்தப் பெயரில் மாகாணம் கிடையாது. சுற்றிவர மலை, கடலே இல்லை. அதைப் பிடித்து ஆண்ட பிரபுவோடு பகைத்த தெற்கத்திய அயலவர்கள் உப்பு வரும் வழியை மூடினார்கள். வடக்கிலிருந்து அவனோடு ஓயாமல் போரிட்ட எதிரியோ, சண்டையைப் போர்க்களத்தோடு நிறுத்திக்கொண்டு உப்பு அனுப்பினானாம். இவ்வளவுதான் கதை. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு கிழமை ஒத்திகை பார்த்தேன். கண்ணாடியே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் போலிருந்தது.

முதல் வெள்ளி மாலை, தட்டுக் கழுவும் அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்டா நடுங்கிறாய்? வாய் மூடாதவனெண்டுதானே முதலாளியம்மா உன்னைப் பிடிச்சு விட்டவா?"

"வாய்தான் அண்ணை காய்ஞ்சு கிடக்கு."

"தண்ணியைக் குடிச்சிட்டுப் போ. கதை பிழைச்சா, எனக்குப் பக்கத்தில ஒரு தொட்டி சும்மாதான் கிடக்கு."

போய் நின்றேன். உப்பை மறித்தார்கள் என்றேன். நாக்கு அதோடு நிற்கவில்லை. சவர்க்காரத்தை மறித்தார்கள், நெருப்புப்பெட்டியை மறித்தார்கள், மண்ணெண்ணெயை, டோர்ச் பட்டரியை மறித்தார்கள் என்று கொட்டிவிட்டேன். போர்க்காலத்தில் எங்கள் யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் போட்ட தடைப் பட்டியல் அது; பள்ளிக்கூட வயதில் மனப்பாடமானது. வாளேந்திய காலத்து மனிதர்கள் பட்டரி இல்லாமல் தவித்ததைக் கேட்டு விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முதலாளியம்மா மட்டும் சிரிக்கவில்லை. வேலை போயிற்று என்று ஏப்ரனை அவிழ்த்தேன். அவர் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்: "உங்கள் ஊருக்கு உப்பு அனுப்பியது யார்?"

ஒருவருமில்லை என்று தலையை ஆட்டினேன். ஏப்ரனை வாங்கி என் கழுத்தில் அவரே மாட்டிவிட்டார். "அடுத்த வெள்ளியும் பட்டரியைச் சொல்" என்றார்.

அவர் இப்போது இல்லை, மகள் நடத்துகிறார். நான் இன்னும் சொல்கிறேன். பட்டரி வந்ததும் சிரிக்கிறார்கள். கால் உளைய உளைய, அவர்கள் சிரித்து முடியும்வரை நிற்கிறேன். பிறகு எதிரி உப்பு அனுப்பியதைச் சொல்கிறேன். அந்த இடத்தில் குரல் ஏன் இறங்கிவிடுகிறது என்று மகள் கேட்டார்.

களைப்பு என்றேன்.