திறக்காமல் மூடிய சிரிப்பு

என் தம்பி வெள்ள முன்னறிவிப்பு அலுவலகத்தில் கணினி வேலை பார்த்துவந்தான். போன மாதம் இறந்துவிட்டான். வாழ்நாளில் உருப்படியாகச் செய்தது அடைப்புக்குறிக்குக் காவல் இருந்ததுதான் என்று அவனே சொல்வான்.

அங்கே ஆற்றின் நீர்மட்டத்தை லிஸ்ப் என்ற கணினி மொழியில் கணக்கிடுகிறார்கள். அதில் எதை எழுதினாலும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். ஒரு குறி கூடினாலும் குறைந்தாலும் கணக்கு ஓடாது. எழுதுவது கணினிக்குள் இருக்கும் நோட்டில்: ஒரு கட்டத்தில் விளக்கம், அடுத்ததில் கணக்கு, அதன் கீழே விடை.

இந்தக் கணக்கைப் போடும் ஆற்றுக் கணக்கருக்குக் கை நடுக்கம் வந்தது. ஒரு குறி போட நினைத்தால் மூன்று விழுந்தன. அவரைத் தொலைபேசி மேசைக்கு மாற்றிவிடலாம் என்றார் மேலதிகாரி.

"அதுக்கு என்னை வீட்டுக்கே அனுப்பிடலாம்" என்றார் கணக்கர்.

தம்பி அந்த நோட்டுக்கு நீட்சி என்று ஒரு துணை நிரல் எழுதிச் சேர்த்தான். அதன்பின் குறிகள் ஜோடியாகத்தான் வரும், ஜோடியாகத்தான் போகும். விரல் எத்தனை முறை தட்டினாலும் ஒற்றைக் குறி விழாது.

"உனக்கு ஒரு ஜோடி பார்க்கத் துப்பில்ல, இதுக்குப் பார்க்கிறியாக்கும்?" என்றேன்.

"இதுங்க சண்டை போடாதுக்கா."

மேலதிகாரி சோதிக்க வந்த அன்று எந்த விசையைத் தட்டினாலும் நோட்டு அசையவில்லை.

"என்னப்பா இது?"

தம்பி திரையைப் பார்த்தான். "சிரிப்பு சார்."

"யாரு சிரிச்சா?"

"கணக்கர் அண்ணன்தான். போன வாரம், நீட்சி சேர்க்கிறதுக்கு முன்னாடி, விளக்கத்துல ரெண்டு புள்ளி வச்சு, ஒரு பிராக்கெட் போட்டுச் சிரிச்சிருக்கார். திறக்காமலே மூடிட்டார்னு நீட்சி எல்லாத்தையும் பூட்டிடுச்சு."

"ஆபீஸ் நோட்டுல எதுக்குய்யா சிரிப்பு?"

"மழை இல்லன்னு எழுதினேன் சார். சந்தோஷத்துல வந்துடுச்சு" என்றார் கணக்கர்.

மேலதிகாரி ஒரு நாள் தவணை கொடுத்தார். விளக்கக் கட்டத்தில் யார் சிரித்தாலும் கண்டுகொள்ளாதே என்று தம்பி நீட்சிக்குச் சொல்லிவைத்தான். மறுநாள் கணக்கர் நடுங்கியபடியே முழுக் கணக்கையும் போட்டு முடித்தார்.

"கை சரியாயிடுச்சா?" என்றார் மேலதிகாரி.

"இல்ல சார். அது பாட்டுக்கு நடுங்குது."

மாற்றல் பேச்சு அத்தோடு நின்றது.

தம்பியை எடுத்த அன்று மழை கொட்டியது. அலுவலகத்தில் பாதிப் பேர் வந்தார்கள், கணக்கர் வரவில்லை. "இவனால பிழைச்ச ஆளு, ஒரு எட்டு வரக் கூடாதா?" என்று சித்தப்பா முணுமுணுத்தார்.

மறுநாள் அவர் சொட்டும் குடையோடு வாசலில் நின்றார்.

"நேத்து ஆறு ஏறிக்கிட்டே இருந்துச்சும்மா. சீட்டை விட்டு எந்திரிக்க முடியல."

"எந்திரிச்சு வந்திருந்தா அவன் திட்டியிருப்பான்ணே" என்றேன்.