கப்பலில் இரண்டாம் பந்தி

அரபிக்கடலின் நடுவே ஆயிரம் பேரைச் சுமந்துகொண்டு போன ஒரு கப்பலை, ராயப்பன்பட்டி வியாகுலமேரி சாப்பிட வந்து உட்காரும்வரை அப்படியே நிறுத்தி வைத்தார்கள். கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அலைகூட அடிக்கவில்லை.

சரி, கேப்டன் வரவில்லை. அலையும் அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டுதான் இருந்தது. கப்பல் என்று சொன்னதில் ஒரு மேசை அளவுக்கு உண்மை இருக்கிறது. அந்த ஒரு மேசை அவளுக்காக நின்றது. அது எப்படி நின்றது என்பதற்கு, மேரி வீட்டில் இத்தனை வருடம் ராச்சாப்பாடு எப்படி நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மேரி பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து, போன வருடம் ஓய்வு பெற்றவள். மணியடித்தால் சோறு. மணிக்கு முன்னால் ஒரு பருக்கை விழாது, மணிக்குப் பின்னால் ஒரு பிள்ளை தட்டை ஏந்திக்கொண்டு காத்து நிற்காது. அவள் புருசன் ஆரோக்கியசெல்வத்தின் வேலைக்கோ மணியே கிடையாது. ஊர் வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத் திறந்து விடுகிறவர் அவர். பெரியாற்றுத் தண்ணீர் எந்த நேரம் வாய்க்காலில் ஏறுகிறதோ அந்த நேரம் அவர் மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும். பெரும்பாலும் அது மற்றவர்கள் சோற்றில் கை வைக்கிற நேரமாகத்தான் இருக்கும். அவருடைய சொந்த வயல் வாய்க்காலின் கடைக்கோடியில் கிடந்தது. பங்கு வைக்கிறவன் தன் வயலுக்குக் கடைசியாகத்தான் பாய்ச்ச வேண்டும் என்பது அந்த வாய்க்காலின் கட்டுப்பாடு. ஆகையால் எல்லாரும் வாங்கியது போக மிஞ்சியதுதான் அவருக்கு.

மேரி மகள் எஸ்தருக்குப் போட்டு, தானும் சாப்பிட்டு, அவருக்கு ஒரு தட்டில் எடுத்து வைத்து, அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டுப் படுத்துவிடுவாள். காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு தட்டும் கழுவி வைத்திருக்கும். கொரோனா காலத்திலாவது மனுசன் வீட்டில் உட்காருவார் என்று எதிர்பார்த்தாள். வாய்க்காலுக்கு ஏது ஊரடங்கு? எதிரும் புதிருமாக உட்கார்ந்து இருவரும் ராச்சாப்பாடு சாப்பிட்டது எப்போது என்று கேட்டால், கல்யாணத்தன்று சாப்பிட்டதைத்தான் அவள் சொல்லுவாள். அன்றைக்கும் வெட்கத்தில் அவர் என்ன சாப்பிட்டார் என்று பார்க்கவில்லையாம்.

எஸ்தர் கொச்சியில் நர்சாக இருக்கிறாள். அம்மா ஓய்வு பெற்றதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்து, கொச்சியிலிருந்து லட்சத்தீவுப் பக்கம் போய்த் திரும்புகிற கப்பலில் அம்மாவும் அப்பாவும் போக நாலு ராத்திரிப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். துணைக்கு மதீனாவும் அவள் புருசன் கமாலும். மேரியும் மதீனாவும் உத்தமபாளையத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். கமால் வாழைக்காய் வியாபாரி.

மதீனா வீட்டில் நாலு பேரும் கூடியிருந்தபோது எஸ்தர் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு, நேரம் குறிச்ச சாப்பாடு. நாலு நாளும் அதே நேரம், அதே மேசை, அதே ஆளுதான் பரிமாறுவாரு. அதுலயும் முதப் பந்தி ஆறு மணிக்கு, ரெண்டாம் பந்தி எட்டரைக்கு. இன்னொண்ணு, இஷ்டத்துக்கு. ஆறுலருந்து பத்துக்குள்ள எப்ப வேணாலும் போயி, எந்த மேசை காலியோ அங்கன உக்காந்துக்கிரலாம். எதுன்னு இப்பவே சொல்லணும்."

"இஷ்டத்துக்கே போட்ரு ஆத்தா," என்றார் செல்வம். "பசிச்சா போறோம், தின்றோம்."

"போடாத எஸ்தரு," என்றாள் மேரி. "இஷ்டத்துக்குன்னு விட்டா உங்கப்பாவுக்கு இஷ்டமே வராது. கப்பல்ல எங்கன தண்ணி ஒழுகுதுன்னு பாக்கப் போயிருவாக."

"அப்ப முதப் பந்தி," என்றார் செல்வம்.

"ஆறு மணிக்குச் சோத்துல கைய வச்சா, பொழுது அடையவும் தொழுகுற மக்ரிப்ப நாங்க எப்பண்ணே தொழுகுறது?" என்றாள் மதீனா. "நீங்க ரெண்டு பேரும் முதப் பந்தியில தின்னுட்டு எந்திரிங்க, நாங்க ரெண்டாம் பந்தியில தின்றோம். நல்லா இருக்கும் சேந்து போன லட்சணம்."

"ரெண்டாம் பந்தியா?" செல்வம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேமடைக்காரன் பாய்ச்சிட்டு விட்ட கசிவுதான் கடமடைக்கு வரும். இத்தன வருசமாப் பாக்குறேன். முதப் பந்திக்காரன் மீனத் தின்னுட்டுப் போவான், நமக்கு முள்ளும் எண்ணெயும் வரும்."

"மச்சான், கப்பல் என்ன வாய்க்காலா?" என்றார் கமால்.

"தண்ணியிலதான மாப்ள போகுது?"

கமால் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. மேரி சிரிக்கவில்லை. கடல் பார்க்க வேண்டும் என்று அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. வைகை அணை நிரம்பிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறாள், அதுவே அவளுக்குப் போதும். எஸ்தர் 'அதே நேரம், அதே மேசை' என்று சொன்ன நொடியில்தான் அந்தப் பயணத்தின்மேல் அவளுக்கு ஆசை வந்தது.

"இங்க பாருங்க," என்றாள். "நாலு ராத்திரி. எம் முன்னால உக்காந்து சாப்பிடுங்க. முள்ளோ மீனோ, எனக்கு அதான் வேணும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

செல்வம் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு போனைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டாம் பந்தியே போடு ஆத்தா. ஆனா மிச்சஞ்சொச்சம் வந்துச்சுன்னா நான் எந்திரிச்சிருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

கப்பலில் முதல் ராத்திரி எட்டரைக்கு மேரி பட்டுச்சேலையில் போய் உட்கார்ந்தாள். வெள்ளைத் துணி விரித்த மேசை, நாலு நாற்காலி. மதீனாவும் கமாலும் உட்கார்ந்துவிட்டார்கள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. கூடவே நடந்து வந்த மனுசனைக் காணோம்.

"கை கழுவப் போயிருப்பாக," என்றாள் மதீனா.

மேரி வெள்ளைத் துணியின் ஓரத்தை மடித்தாள், விரித்தாள். மேசை வைத்தாயிற்று, நேரம் வைத்தாயிற்று, ஆளை எப்படி வைப்பது என்று நினைக்கையில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

செல்வம் அப்போது சமையல் கட்டுக் கதவை ஒரு காலால் அணை கொடுத்துத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் மேசைக்குப் பரிமாறுகிறவர் ஜோயல், நரைத்த மீசைக்காரர், குமுளியில் பிறந்து வளர்ந்தவர். கம்பத்துச் சந்தைத் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"என்ன சேட்டா, வழி தெரியலையா?"

"வழியெல்லாம் தெரியும். முதப் பந்திச் சட்டி எது, ரெண்டாம் பந்திச் சட்டி எது? அதைக் காமிங்க."

ஜோயலுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் சிரிக்கவில்லை; மலையிலிருந்து இறங்கும் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர். கதவை முழுக்கத் திறந்து காட்டினார். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் புது எண்ணெயில் அப்போதுதான் மீன் விழுந்துகொண்டிருந்தது.

செல்வம் மேசைக்கு வந்த வேகத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. "மேரி! கடமடைக்குன்னு தனி மடையே தொறக்குறாக புள்ள! நம்ம மீனு இப்பத்தான் சட்டிக்குள்ள போகுது."

உட்கார்ந்தவர், தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ராத்திரி கேட்காமலே அவர் பக்கத்தில் ஒரு கிண்ணம் சோறும், நறுக்கிய வெங்காயமும், பச்சை மிளகாயும் வந்தன. மதீனாவுக்கும் கமாலுக்கும் கறி வேண்டாம், மீன் போதும் என்பது ஜோயலுக்கு ஞாபகம் இருந்தது. இஷ்டத்துக்குச் சாப்பிடுகிற கூடத்தில் இருந்தவர்கள் தினமும் புது ஆளிடம் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. மேரியின் முன்னால் சீரகம் போட்ட வெந்நீர் இருந்தது. முதல் நாள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இந்தத் தண்ணி பல்லு கூசுது" என்று அவள் மதீனாவிடம்தான் சொன்னாள். அதையும் அந்த மனுசன் காதில் வாங்கியிருக்கிறார். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் ஆக்கிப் போட்டவள் அவள். அவளுக்கு எது பிடிக்கும் என்று யாரும் கவனித்து வைத்ததில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மனசுக்குள் ஒரு சின்ன ஜெபம் சொன்னாள். ஆண்டவருக்குப் பாதி, ஜோயலுக்குப் பாதி.

எதிரில் உட்கார்ந்த புருசனுக்கோ பேச்சு வந்துவிட்டது. தேவாரம் பக்கம் மலையடிவாரத்து மடையில் ஒருமுறை கரடி தண்ணீர் குடிக்க வந்ததாம். இவர் மண்வெட்டியைத் தூக்க, அது இவரைப் பார்க்க, இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்களாம்.

"இத ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"சொல்றதுக்கு நீ முழிச்சிருந்தாத்தான?"

கடைசி ராத்திரிதான் அந்தக் கூத்து நடந்தது. சாயங்காலம் மேல்தளத்தில் சால்வையை விட்டுவிட்டு வந்திருந்தாள் மேரி. சாப்பாட்டுக்குப் போகுமுன் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று தனியாகப் போனாள். அங்கே, தட்டை நீட்டி வாங்கித் தின்கிற கூடத்தில், சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். சோற்றுப் பக்கம் நின்ற பணியாள் ஏதோ எடுக்க உள்ளே போயிருந்தான். கரண்டி சும்மா கிடந்தது.

வெறும் தட்டோடு பிள்ளைகள் நிற்க, கரண்டி சும்மா கிடப்பதா? மேரி சால்வையை இடுப்பில் செருகினாள்.

"ஏலே, முண்டாம வரிசையா வாங்க. நீ என்ன, சோத்த மட்டும் வாங்கிட்டுப் போற? காயத் தின்னு. ஏ பொட்டப்பிள்ள, இங்கன வா, உனக்கு என்ன வேணும்?"

பணியாள் திரும்பி வந்து பார்த்துவிட்டு, கம்பெனியே அனுப்பிய மேற்பார்வையாளர் போல என்று ஒதுங்கி நின்றான். வாத்தியார் கும்பிடு போட்டார். கடைசிப் பிள்ளையின் தட்டு நிறைந்த பிறகுதான் மேரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்ததும் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

கீழே மற்ற மேசைகளில் இனிப்பு போய்க்கொண்டிருந்தது. மதீனாவும் கமாலும் கை துடைத்துவிட்டார்கள். செல்வம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் தட்டில் மீன் அப்படியே கிடந்தது. மேரியின் இடத்தில் ஒரு தட்டு, அதன்மேல் கவிழ்த்த இன்னொரு தட்டு.

"எங்கன போன?"

"பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன்."

அவர் அவள் இடுப்பில் செருகியிருந்த சால்வையைப் பார்த்தார். அதில் சிந்தியிருந்த சாம்பாரையும் பார்த்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "நேரம் குறிச்ச சாப்பாடுதான் வேணும்னு எஸ்தருகிட்ட ஒத்தக் கால்ல நின்னவ யாருடி?"

ஜோயல் ஓடி வந்தார். "சேச்சி, ரெண்டு தட்டும் சூடாக்கிக் கொண்டு வரட்டா? சேட்டா என்னை எடுக்கவே விடலை. நாலு தடவை வந்து பார்த்துட்டேன்."

"வேணாம்ப்பா," என்றார் செல்வம். "எங்க வீட்டுச் சாப்பாடு இப்படித்தான் இருக்கும்."

மேரி மூடிய தட்டைத் திறந்தாள். மீன் ஆறி, மேலே தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. ஒரு வாய் வைத்தாள். எத்தனை வருடங்கள் இந்த ஆறிய சோற்றை அவர் தனியாக உட்கார்ந்து தின்றிருப்பார்! ஒரு நாள்கூட உப்பில்லை, உறைப்பில்லை, ஆறிப்போச்சு என்று சொன்னதில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கடைசி முள் வரைக்கும் தின்றாள். எதிரே அவரும் தின்றார். சுத்தம் செய்கிறவர்கள் பக்கத்து மேசைத் துணிகளை உருவ ஆரம்பித்தும் ஜோயல் அந்த மேசைக்கு மட்டும் யாரையும் விடவில்லை.

ஊருக்கு வந்த பிறகு வாய்க்கால் பழையபடி அவரை இழுத்துக்கொண்டது. ஆனால் தண்ணீர் முறை இல்லாத நாட்களில், எட்டரைக்கு அவர் தானாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறார். முறை இருக்கிற நாட்களில் மேரி தூக்குச் சட்டியோடு மடைக்குப் போய்விடுகிறாள். வரப்பில் எதிரெதிரே உட்கார இடம் போதாது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

எஸ்தர் லீவில் வந்திருந்தபோது மேரி அவளிடம் கப்பல் கதையை முதலிலிருந்து சொன்னாள். மதீனாவும் இருந்தாள். செல்வம் ஒரு மூலையில் மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார்.

"கப்பலையே நிப்பாட்டிட்டாக எஸ்தரு, உங்கம்மாவுக்காக. உங்கப்பா ஒரு வாய் பச்சத்தண்ணி பல்லுல படாம, பட்டினியா உக்காந்துருக்காக, பாவம். எனக்காக. கண்ணுல தண்ணி வந்துருச்சு ஆத்தா."

"ஏடி மேரி, அடங்குடி," என்றாள் மதீனா. "பட்டினியா? அண்ணன் ரொட்டிக் கூடை ஒண்ணக் காலி பண்ணிட்டு, இன்னொரு கூடை கேட்டு வாங்கித் தின்னாக. எங்க வீட்டுக்காரரோட சூப்பையும் வாங்கிச் சேத்துக் குடிச்சாக. மீனத்தான் தொடல. 'அவ வரட்டும்'னுட்டாக. அது வரைக்கும் உண்மை."