காகிதத்துக்கு முன்னால் ஒரு போன்

ஐயோவாவில் எங்கள் சின்னக் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால், ஐஸ் இயந்திரத்துக்கும் நான் சீருடைகள் துவைக்கும் அறைக்கும் நடுவே ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. நோரீன் பிட்ஸ்லர் அங்கேதான் வாழ்ந்தாள். வீடு என்று ஒன்று அவளுக்கு இருந்தது, தூங்குவதற்கு மட்டும்.

அடிபட்ட விளையாட்டு மாணவர்களுக்குப் பயிற்சியறையில் கட்டுப் போடுவார்கள், அடிபட்ட காலை மறுபடி நடக்கப் பழக்குவார்கள். அந்தச் சிகிச்சைக் கணக்கை அவரவர் வீட்டு மருத்துவக் காப்பீட்டுக்கு அனுப்புவது நோரீனின் வேலை. பிறகு பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ, அவர் வீட்டுக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒரு காகிதம் அனுப்பும். அது பில் இல்லை. ஆனால் பில் மாதிரியே இருக்கும். பெற்றோர் பதறிப்போவார்கள். அதனால் காகிதம் வருவதற்கு முன்னாலேயே நோரீன் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்வாள்.

"பயப்படாதீங்க, நீங்க எதுவும் கட்ட வேண்டாம்."

யாரும் சொல்லிச் செய்த காரியமில்லை. கணவன் விட்டுப் போன பிறகு மாலையில் பேச அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்? எதிர்முனையில் யாரோ ஒரு தாய் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டால், மறுநாள் முழுவதும் அவள் முகம் பூத்திருக்கும்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் கெல்சி வந்தாள். நெடுந்தூர ஓட்டக்காரி, முழங்காலுக்குக் கீழே எலும்பில் மெல்லிய விரிசல். காப்பீட்டு அட்டையைக் கொடுக்க நொண்டிக்கொண்டே வந்தவள், குப்பைக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு, நோரீனின் மதியச் சாப்பாட்டில் பாதியைத் தின்றுவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள். அப்புறம் தினமும்.

"மிஸ் நோரீன், இந்த கேக்குல என்ன போட்டீங்க? செங்கல்லா?"

"பல்லு உடைஞ்சா என்கிட்ட வராத. பல்லுக்கு வேற காப்பீடு."

சுவருக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வரும். அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஒருநாள் சிரிப்பு நின்றது.

"காகிதம் எங்கப்பாவுக்குப் போகுமா?"

"பாலிசி அவர் பேர்ல இருக்கே. போகும்."

"கணக்கை அனுப்பாதீங்களேன். இன்னொரு தடவை அடிபட்டா ஓட்டமும் வேண்டாம், காலேஜும் வேண்டாம், வீட்டுக்கு வந்துடுன்னு சொல்லியிருக்கார்."

"ஒருத்தருக்கு அனுப்பி ஒருத்தருக்கு விட்டா அது மோசடி, கண்ணு."

"அப்ப தள்ளியாவது போடுங்க. நவம்பர் கடைசியில நன்றி நாள் விருந்துக்கு வீட்டுக்குப் போறப்ப நானே சொல்லிடறேன்."

தள்ளிப்போடக் காப்பீட்டு விதி இடம் கொடுத்தது. நோரீன் அந்தக் கணக்கைத் தனியே எடுத்து வைத்தாள். ஆனால் போன் செய்ய வேண்டிய பெயர்களிலிருந்து கெல்சியை நீக்க மறந்துவிட்டாள்.

மழை பெய்த ஒரு மாலை. ஒரு வீடு, அடுத்த வீடு என்று ஒரே பல்லவி. மனம் எங்கோ இருக்க, வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போயிற்று.

"மிஸ்டர் ஹோக்ஸ்ட்ரா, கெல்சியோட காலுக்காக ஒரு காகிதம் வரும். பயப்படாதீங்க."

"எந்தக் காலு?" என்றது ஒரு முரட்டுக் குரல்.

ஐயோ! சொன்ன சொல்லை எந்தக் கையால் திரும்ப எடுப்பது?

மறுநாள் சாப்பாட்டு வேளையில் கெல்சியின் அப்பா வெர்ல் ஹோக்ஸ்ட்ரா அறை வாசலில் வந்து நின்றார், பூட்ஸில் வயல் சேற்றோடு. கவிழ்த்த கூடைமேல் இருந்த மகளின் காலையே பார்த்தார். கெல்சி நோரீனைப் பார்த்தாள்.

"உங்களை நம்பினேனே..."

"அவங்களைத் திட்டாத" என்றார் வெர்ல். "என் பொண்ணோட காலைப் பத்தி யாரோ ஒருத்தங்க போன்ல சொல்லி நான் தெரிஞ்சுக்கறேன். அந்தளவுக்கா நான் பயமுறுத்தி வச்சிருக்கேன்?" தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "உங்கம்மா போனப்புறம் வீட்டுக்கு வா, வீட்டுக்கு வான்னது காலுக்காக இல்லம்மா. அங்க தட்டு ஒண்ணுதான் கழுவறேன். நீ ஓடு. வலிச்சா எனக்குச் சொல்லு, போதும்."

தகப்பனும் மகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நோரீன் கோப்புகளின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

கெல்சி கல்லூரியிலேயே இருந்தாள். ஆனால் அந்த அறைக்கு அதன்பின் வரவில்லை. மதிய நேரங்களில் நடைவழியின் கோடியில் அப்பாவோடு போனில் பேசும் குரல் மட்டும் வரும்.

பனி உருகத் தொடங்கிய ஒரு நாள், நான் நோரீனின் அறையில் இருந்தேன். ஐஸ் அள்ளும் சத்தம் கேட்டது. பிறகு காலடிகள். நோரீன் பாதி கேக்கைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். காலடிகள் கதவுக்கு வெளியே ஒரு கணம் தயங்கின, பிறகு போய்விட்டன.

"கேட்டியா?" என்றாள் என்னிடம். கண்கள் நிறைந்திருந்தன. "இப்ப நொண்டல. ரெண்டு காலும் ஒரே மாதிரி கேக்குது."

குப்பைக்கூடையை அவள் இன்னும் நிமிர்த்தவில்லை. குப்பையை ஒரு காகிதப் பையில் போட்டுவைத்து, போகும்போது எடுத்துக்கொண்டு போகிறாள்.