கன்வர்ஜ் ஆகாத கணக்கு

பிற்பகல் மூன்று நாற்பதுக்குத்தான் எல்லாம் பிசகத் தொடங்கியது. கேகாலை அலுவலகத்தில், யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஓடைக்கு கம்ப்யூட்டர் மாடலில் வெள்ளக் கணக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தோட்டத்தில்தான் என் வீடு. கணவர் அங்கே ரப்பர் ஃபெக்டரியில் கணக்கெழுதும் கிளாக்கர். பன்னிரண்டு வயது மகளும் அவருடன் இருந்தாள்.

அவர்தான் எனக்குப் போன் எடுத்தார். "லயத்து ஆளுங்கள எல்லாம் பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டாந்துட்டோம். ஒங்க மேப்புல அது தண்ணி வராத எடந்தானே?"

"பாப்பா?"

"இங்கதான் இருக்கா. இந்த மழையிலயும் நம்ம ஆளுங்க வெறகு புடிக்கிறானுங்க. போக்கு வாயில வலை கட்டியாச்சு. ஒரு மாசத்துக்கு அடுப்புக்குக் கவலயில்ல." சிரித்தார்.

லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடுகள்; பிள்ளைக் காம்பரா, ஓடைப் பக்கத்துக் குழந்தைக் காப்பகம். போக்கு என்பது அதற்குச் சற்றுத் தள்ளி, ரோட்டுக்குக் கீழே ஓடை கடந்து போகும் குழாய். வெள்ளத்தில் மிதந்து வரும் ரப்பர் கொப்புகளைப் பிடிக்க அதன் வாயில் பழைய கம்பிவலை கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் மாடலில் அந்த வாய் முழுதாகத் திறந்திருந்தது. கொப்பு சேர்ந்தால் வலை அடைத்துக்கொள்ளும் என்பதால், அதைச் சுவராக மாற்றி ஓட்டினேன்.

தண்ணீரை அமுக்க முடியாது. மாடலில் ஓடையைப் பிரித்த ஒவ்வொரு சிறு கட்டத்துக்குள்ளும் வருகிற அளவு வெளியேறியாக வேண்டும். அதற்குப் பொருந்தும் பிரஷரை, சால்வர் எனும் கணக்குத் தீர்க்கும் நிரல் திரும்பத் திரும்பத் தேடும். பிழை சுருங்கிக்கொண்டே வந்தால் கன்வர்ஜ் ஆகிறது என்போம். நேரத்தை மிச்சப்படுத்த, நீர்மட்டத்தை அசையாத மூடிபோல வைத்திருந்தோம். அன்று பிழை சுருங்கவே இல்லை.

மேலதிகாரி நிசார் சேர் திரையைப் பார்த்தார். "இன்லெட் ஈக்கிது, அவுட்லெட் இல்ல. தீர்வே இல்லாத கணக்க ஓட்டுறீங்க மிஸ்."

"அதுதான் சேர் பதிலு. நெசத்துலயும் தண்ணிக்குப் போக எடமில்ல. அங்க மூடி இல்ல, மேல ஏறும்."

"எவ்வளவு ஏறும்? நம்பர் இல்லாம தோட்டத்துக்கு என்னத்தச் சொல்ற?"

நீர்மட்டம் அசையும் மாடலை ஓட்டி முடிக்க விடிந்துவிடும். நான் வீட்டுக்காரரை அழைத்தேன்.

"ஏங்க, எல்லாரையும் ஃபெக்டரிக்கு ஏத்துங்க. வலையில கொப்பு அடைச்சிரும். தண்ணி காம்பராவுக்குத்தான் வரும்."

"படுத்த படுக்கையா கெடக்கிறவங்கள இந்த மழையில எப்புடி..." லைன் அறுந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இப்போது நான் மெஷ் எனும் அந்தக் கட்டங்களின் அமைப்பைப் பற்றி முதலில் கேட்பதில்லை. தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஊர் மக்கள் என்ன செய்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்து வரச் சொல்கிறேன். சால்வர் மறுத்தால், எவ்வளவு பிழையை ஏற்கலாம் என்ற டொலரன்ஸைத் தளர்த்தாமல், எது பொருந்தவில்லை என்று தேடச் சொல்கிறேன்.

அன்று லைன் அறுந்ததும் நான் கிளம்பி வந்த வேன், வெள்ளத்தால் யட்டியாந்தோட்டை பஜாருக்கு அப்பால் போகவில்லை. ஒரு கடை வாசலில் நின்றேன். பொழுது சாயும்போது தோட்டத்து டிரக்டர் வந்தது. பிள்ளைக் காம்பரா ஆயா என் மகளை இறக்கிவிட்டார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்பா எங்கடா?"

"வலைய வெட்டிவுடப் போனாரும்மா," என்றாள். "தண்ணி எறங்கிருச்சு. அப்பா வரல."