முனிராஜைப் பார்த்துக் கத்தாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு தர்ஷினி ஓட்டல் வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். கூட பிரபு. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஈரோட்டுக்காரர் — சாஃப்ட்வேர் கம்பெனி, இருபத்தெட்டு வயது, எதைக் கேட்டாலும் ஒரு அபிப்பிராயம் தயாராக வைத்திருப்பார்.

அவருடைய டீமுக்குப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தார்களாம். போட்டிக் கம்பெனியிலிருந்து கொத்திக்கொண்டு வந்த ஆள். நான்கு வருட ஒப்பந்தம், கேட்டாலே தலை சுற்றும் சம்பளம், தனி கேபின். முதல் ஆறு மாதம் பிரமாதம். இப்போது... மீட்டிங்கில் வாயே திறப்பதில்லையாம்.

"காசு கைக்கு வந்துட்டா ஆளு அவ்வளவுதானுங்க அங்கிள்" என்றார் பிரபு. "நாளைக்கு என்ன ஆகுமோன்னு பயம் இருந்தாத்தானுங்க வேலை பார்ப்பான்."

காபி திடீரென்று கசந்தது. டிகாக்‌ஷன் மேல் தப்பில்லை. ஏறக்குறைய இதே வாக்கியத்தைப் பல வருடங்களுக்கு முன் நான் சொல்லியிருக்கிறேன். சொன்னதோடு விட்டேனா? டைப் அடிக்கச் சொல்லி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

நான் பர்சனல் ஆபீசராகக் குப்பை கொட்டியவன் என்பது இந்தப் பக்கத்துக்குப் பழகியவர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக ஒரு வரி. ஓசூர் ரோடு பக்கம் மெஷின் செய்யும் ஒரு தனியார் கம்பெனி. ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, மெமோ கொடுப்பது எல்லாம் என் மேஜையில்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் எம்.டி.க்கு ஹாக்கிப் பைத்தியம் பிடித்தது. ஃபேக்டரி காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு மண் கிரவுண்ட் போட்டு, டீம் சேர்த்து, டோர்னமென்ட்களுக்கு அனுப்பினார். நன்றாகவே ஆடினார்கள். ஆனால் கோல் போட ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

அந்த ஆள் முனிராஜ். அடுகோடிக்காரன். அப்பா ஒரு ஒர்க்‌ஷாப்பில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். முனிராஜ் அப்போது ஒரு பெரிய அரசு நிறுவனத்தின் டீமில் சென்டர் ஃபார்வர்ட். நிரந்தர வேலை, ரிட்டயர் ஆகும்வரை யாரும் அசைக்க முடியாது. அவனிடம் பந்து போனால் எதிர் டீம் கோல்கீப்பர் சாமி கும்பிட ஆரம்பித்துவிடுவார் என்று பேசிக்கொள்வார்கள்.

அவனை இழுத்துவரச் சொன்னார் எம்.டி. இழுத்து வந்தேன். நிரந்தர வேலையை ராஜினாமா செய்துவிட்டு வருபவனுக்கு அதற்கு ஈடாக ஏதாவது வேண்டாமா? ஐந்து வருட ஒப்பந்தம். மேனேஜருக்குச் சமமான சம்பளம். கம்பெனி குவார்ட்டர்ஸில் வீடு. அப்பா, அம்மா, கல்யாணமாகாத தங்கை எல்லோரும் அடுகோடி ஒற்றை ரூமிலிருந்து அங்கே குடிவந்தார்கள்.

ஒப்பந்தத்தை எழுதியது நான்தான். என் டிராஃப்டிங் என்றால் வக்கீல்களே பேனாவை மூடி வைப்பார்கள், கர்வமாகவே சொல்கிறேன். அதில் ஒரு ஷரத்து: மருத்துவ ரீதியாக ஆடத் தகுதி இழந்தால் அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடியும், வீட்டையும் காலி செய்ய வேண்டும். முனிராஜ் அதைப் படித்துவிட்டு, "எனக்கு இன்னா சார் ஆவப்போவுது" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

முதல் வருடம் கோலாகப் போட்டுத் தள்ளினான். எம்.டி. வெளியூர் கஸ்டமர்களை எல்லாம் கேலரிக்குக் கூட்டிவந்து, தன் சொந்தப் பிள்ளையைப் போல அவனைக் காட்டுவார்.

இரண்டாம் வருட ஆரம்பத்தில் ப்ராக்டீஸின்போது கோல்கீப்பர் பேடில் பட்டுத் திரும்பிய பந்து அவன் இடது புருவத்தில் அடித்துவிட்டது. தையல் போட்டார்கள். நான் ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மூன்று வாரத்தில் கிரவுண்டுக்கு வந்துவிட்டான். கம்பெனி டாக்டர் புருவத்தைப் பார்த்து நன்றாக ஆறிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்.

அதற்கப்புறம்தான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

முன்வரிசையில் முனிராஜுக்குப் பக்கத்தில், ரைட் இன் இடத்தில் ஆடுபவன் அன்வர். ஒக்கலிபுரத்தில் வீடு, ஃபேக்டரியில் ஃபிட்டர், முனிராஜ் வாங்கியதில் கால்வாசிகூடச் சம்பளம் கிடையாது. மேட்ச் முழுக்க முனிராஜைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருப்பான். "டேய் முனியா, எடது... எடதுடா... வர்து பாரு... இரு, இரு... இப்போ வைடா குச்சிய..." அன்வர் ஓய்ந்தால் லெஃப்ட் அவுட் ஆரம்பிப்பான். அவன் ஓய்ந்தால் சென்டர் ஹாஃப். மார்க்கெட்டில் மாட்டை ஓட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவனும் அந்த சீசன் முழுக்க கோல் போட்டுக்கொண்டுதான் இருந்தான்.

ஒரு நாள் கேலரியில் கஸ்டமர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எம்.டி. என் காதுக்கு அருகில் குனிந்தார். "யாக்ரீ, அவன்ன ஹீகெ பைத்தாரெ?" ஏன் அவனை இப்படித் திட்டுகிறார்கள் என்கிறார். அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது.

எனக்குக் காரணம் தேட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பொறாமை. வேறென்ன? ஒரே கிரவுண்டில் ஒருத்தனுக்கு மேனேஜர் சம்பளம், மற்றவர்களுக்கு ஃபிட்டர் சம்பளம். வயிறு எரியாதா? இருபது வருட அனுபவம் எனக்கு; மனிதர்களைப் பார்த்தவுடன் எடைபோடத் தெரியும்.

மறுநாள் கேன்டீன் பக்கத்து நோட்டீஸ் போர்டில் என் சர்க்குலர் தொங்கியது. ஆட்டத்தின்போது சக வீரர்களை வாடா போடா என்று அழைக்கக் கூடாது. உரத்த குரலில் ஏவக் கூடாது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. டீமில் எல்லோரும் படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

போட்டார்கள். அன்வர் மட்டும் என் ரூமுக்கு வந்து நின்றான்.

"கத்தாம எப்டி சார் ஆட்றது?"

"மத்த டீம்ல இப்படியா கத்தறாங்க?"

"நை சார். இவ்ளோ இல்ல."

"அப்புறம்? பேசறதுன்னா மெதுவா, மரியாதையா பேசு."

ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு என் மேஜைக் கண்ணாடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த மேட்சில் நடந்ததை என்னவென்று சொல்ல! "முனிராஜ் சார், லெஃப்ட்ல வருது சார்" என்கிறான் அன்வர். முதல் சார் சொல்லும்போது வந்த பந்து, இரண்டாவது சாருக்குள் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. அம்பயர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது... என் சர்க்குலரையா கிண்டல் செய்கிறார்கள்? இரண்டு பேருக்கு மெமோ கொடுத்தேன். அதோடு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

முனிராஜின் ஆட்டமும் அன்றோடு போயிற்று.

மிகைப்படுத்தவில்லை. நேராக உருண்டு வரும் பந்துக்கு ஒரு அடி தள்ளிக் குச்சியை வைப்பான். காலி கோலுக்கு முன்னால் நின்று காற்றை அடிப்பான். அடுத்த ஏழு மேட்சில் ஒரு கோல்கூட இல்லை. பத்திரிகைகளில் சோம்பேறி என்றும், பணம் தலைக்கு ஏறிவிட்டது என்றும் எழுதினார்கள். ஃபேக்டரியில் குடி என்றார்கள், காதல் தோல்வி என்றார்கள். நான் எம்.டி.க்கு எழுதிய குறிப்பில் ஒரே வரியில் முடித்தேன்: ஐந்து வருடத்துக்குப் பயமில்லை என்றானதும் உழைப்பதை நிறுத்திவிட்டார்.

எம்.டி. ஒப்பந்தத்தை முறிக்கச் சொன்னார். எப்படி முறிப்பது? சரியாக ஆடாவிட்டால் நீக்கலாம் என்று நான் எழுதவே இல்லை. எவ்வளவு பெரிய டிராஃப்டிங் புலி பாருங்கள். மிச்சமிருந்தது அந்த மருத்துவ ஷரத்து ஒன்றுதான். "வெளி ஆஸ்பத்திரியில் முழு செக்கப்புக்கு அனுப்புங்கள், ஏதாவது கிடைக்கும்" என்றார்.

அதற்கான கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். வீட்டில் முனிராஜ் மட்டும் இருந்தான். "உக்காருங்க சார், அம்மா டிகாக்‌ஷன் போட்டுத்தான் போயிருக்காங்க" என்று அவனே காபி கலந்து எடுத்துவந்தான். இன்னொரு டம்ளரில் எனக்கு ஆற்றிக் கொடுக்க முயன்றபோதுதான் அதைக் கவனித்தேன்.

காபியை அப்படியே ஊற்றவில்லை. ஒரு டம்ளரின் விளிம்பால் இன்னொரு டம்ளரின் விளிம்பைத் தொட்டான். தொட்டு, அது அங்கேதான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு ஊற்றினான். அப்படியும் கொஞ்சம் சிந்தியது. பிறகு நான் அவனுடைய இடது பக்கமாகக் கடிதத்தை நீட்டினேன். நீட்டிக்கொண்டே இருந்தேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தங்கைக்கு வரன் வந்திருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"முனிராஜ்... உன் இடது கண்ணு தெரியலையா?"

டம்ளரைக் கீழே வைத்தான்.

"வெளிச்சம் தெரியும் சார். வேற ஒண்ணும் தெரியாது. அந்த அடி பட்டதுலேர்ந்தே அப்டித்தான். தனியா போய்க் காமிச்சேன், இனிமே வராதுன்ட்டாங்க."

"நம்ம டாக்டர் வருஷா வருஷம் செக் பண்றாரே?"

"அதே எழுத்து அட்டைதானே சார் எப்பவும். மனப்பாடம்."

"ஏன்ப்பா என்கிட்ட சொல்லல?"

"நீங்கதானே சார் எழுதினீங்க? சொன்னா அந்த மாசத்தோட முடிஞ்சிது. அங்க பர்மனன்ட் வேலைய வுட்டுட்டு வந்தேன். இவங்கள மறுபடி இட்னு எங்க போறது?"

அப்படியானால் அடிபட்ட பிறகும் ஒரு சீசன் கோல் போட்டானே, எப்படி?

"ஒத்தக் கண்ணுக்கு பால் எவ்ளோ தூரத்துல வர்துன்னு தெரியாது சார். எடது பக்கம் வர்றது சுத்தமாத் தெரியாது. அன்வர் சொல்லுவான். அவன் இப்போன்னா அடிப்பேன். எல்லாரும் சொல்லுவாங்க... நீங்க நோட்டீஸ் போட்டீங்க."

"டீம்ல எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் சார். உங்களுக்குத்தான் தெரியாது."

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். நான் பொறாமை என்று எழுதியது என்ன, அவர்கள் தினமும் தொண்டை கிழியச் செய்துகொண்டிருந்தது என்ன.

கடிதத்தைப் பைக்குள் திருப்பி வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதோடு முடித்தால் நான் நல்லவனாகத் தெரிவேன். ஆனால் அப்படியே விட்டுவிட முடியுமா? மறுபடி கத்தச் சொல்லி அவனை இறக்கினால், மிச்சமிருக்கும் கண்ணிலும் ஒரு பந்து பட்டால்? சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் கண் போகும். ஞாயிறு முழுக்க யோசித்தேன்.

எங்கள் ஷாப் ஃப்ளோரில் ஒரு வழக்கம் உண்டு. லேத்தில் விரலைக் கொடுத்தவனை வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். அந்த விரல் தேவைப்படாத இடத்தில் போடுவோம் — ஸ்டோர்ஸ், கேட், டெஸ்பாட்ச். சம்பளம் குறையாது. ஆனால் அடிபட்டது விபத்துப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். முனிராஜுக்கு அடிபட்ட தேதியை எடுத்துப் பார்த்தேன். பக்கம் காலி. விளையாட்டுக்காரன்தானே என்று நான் பழத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை அதை எழுதினேன். தாமதமாக எழுதப்படுகிறது, தவறு என்னுடையது என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டு, புத்தகத்தோடு எம்.டி. ரூமுக்குள் நுழைந்தேன்.

எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "உங்க ஷரத்துப்படியே இப்ப அனுப்பிடலாமே?" என்றார்.

"அனுப்பலாம் சார். ஆனா அடி பட்டது நம்ம கிரவுண்டுல, நம்ம வேலை நேரத்துல. பர்மனன்ட் வேலையை விட்டுட்டு வரச் சொன்னது நாம. அவன் கோர்ட்டுக்குப் போனா சாட்சி சொல்ல என்னைக் கூப்பிடுவாங்க. நான் உண்மையைத்தான் சொல்லுவேன்."

இருபது வருடத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒரு முறைதான். என் வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி கிரவுண்டைப் பார்த்தார். பிறகு, ஒப்பந்தம் ஐந்து வருடமும் நிற்கட்டும், அதற்கப்புறம் ஸ்டோர்ஸில் நிரந்தரம் என்றார். ஒரே நிபந்தனை, இனி அவன் குச்சியைத் தொடக் கூடாது. பிறகு அவனைப் பார்த்த கண் டாக்டர் சொன்னதும் அதையேதான்.

முனிராஜைக் கூப்பிட்டுச் சொன்னேன். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, ஆட்டம் மட்டும் இல்லை. அவனுக்கு அப்போது இருபத்தேழு வயது. அழுவான் என்று நினைத்துத் தண்ணீர் டம்ளரைத் தயாராக வைத்திருந்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். கதவு வரைக்கும் போனவன் திரும்பினான்.

"மறைச்சதுக்கு அன்வர் மேல ஆக்‌ஷன் ஏதாவது எடுப்பீங்களா சார்?"

இல்லை என்றேன். அதற்கப்புறம்தான் அவன் முகம் தெளிந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனான். நான் கதவைச் சாத்திக்கொண்டு, எனக்காக எடுத்து வைத்ததுபோல் இருந்த அந்தத் தண்ணீரைக் குடித்தேன்.

பெரிய சம்பளம் வாங்கிக்கொண்டு வேலையைச் சரியாகப் பார்க்காத ஒருத்தன் எங்கள் கம்பெனியில் இருந்தான் என்று அன்றைக்கு ஊரெல்லாம் பேசியது நிஜம்தான்; ஆள்தான் வேறு. ஆட்களைத் தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.